கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா

பஸ்ஸில் இருவர் சீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார, பந்தியில் பாயசம் தீர்ந்தால் மோரை ஊற்ற, விருந்தாளியை மின்விசிறி இல்லாத அறையில் படுக்கவைக்க, எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் ஒரே சொல்தான்: அட்ஜஸ்ட். சொல்பவருக்கு ஒரு சிரமமும் இருக்காது என்பதே அதன் விசேஷம். நானும் ஆயுள் முழுக்க அதை ஊருக்குத் தாராளமாக வழங்கிவந்தேன்.

அதிகம் வாங்கிக்கொண்டவன் என் சித்தப்பா மகன். ரோட்டை ஒட்டி என் வயல், அதன் பின்னால் அவனுடையது. என் கதிரை அறுத்து முடித்த பிறகுதான் அறுப்பு மிஷின் அவன் வயலுக்குப் போக முடியும். அதனால் நான் போடும் நெல்லையே அவனும் போடுவான். இரண்டு வருஷத்துக்கு முன் விதை கிடைக்காமல், சீக்கிரம் விளையும் ரகத்தைப் போட்டுவிட்டான். தை பிறந்ததும் அவனுக்கு முற்றிவிட்டது. எனக்கோ இன்னும் பச்சை. டிவியில் மழை என்றார்கள். முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்தால் முளைத்துவிடும்.

மிஷின் ஏற்றிய லாரியோடு வந்தவன், என் வயலின் ஓரமாக மிஷின் போகுமளவு வழி கேட்டான்.

"ஒரு பத்து நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்றேன்.

"சரிண்ணே" என்றான்.

சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். அவனோ லாரியை அனுப்பிவிட்டு, வரப்பில் குந்தி வானத்தைப் பார்த்தான். எனக்கு எரிச்சல் வந்தது. முதலில் அவன் மேல், பிறகு மேகத்தின் மேல், வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் என் மேல்.

மொபெட்டில் துரத்திப் போய், திருவாரூர் ரோட்டு டீக்கடையில் லாரியைப் பிடித்தேன். டிரைவர் வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டுவிட்டாராம்.

"ஒரு பத்து நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்."

பளாரென்று கன்னத்தில் விட்ட மாதிரி இருந்தது. கெஞ்சினேன். இரண்டு டீ, நாலு வடைக்குப் பிறகு மனம் இறங்கினார்.

மிஷின் என் பச்சைக் கதிருக்குள் இறங்கியது. வயிறு எரிந்தது, மறைப்பானேன். கொஞ்சம் ஒடுக்கிப் போகக் கூடாதா என்று கேட்டேன். அதன் அகலம் அவ்வளவுதான் என்றார் டிரைவர்.

அவன் நெல் முழுக்கத் தார்ப்பாய்க்குள் போன பிறகுதான் தூறல் விழுந்தது. நசுங்கிக் கிடந்த என் கதிரைப் பார்த்துக்கொண்டு, அவன் என் பக்கத்தில் நின்றான். அடுத்த நடவில், வயல் ஓரமாக அந்த மிஷின் அகலத்தை மட்டும் நடாமல் விட்டேன்.