லாடம் கழற்றிய குதிரையும் என் சூளை மண்ணும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். விருத்தாசலத்தில் வாடகைச் சூளையில் பீங்கான் பொம்மை சுட்டுத் தொடங்கி, சொந்தச் சூளை இரண்டு, மாடி வீடு, கல்யாண ஊர்வலத்துக்கு விட ஒரு வெள்ளைக் குதிரை என்று யார் தயவும் இல்லாமல் சேர்த்தேன். "உனக்கெல்லாம் குதிரையா?" என்று சிரித்தவர்களே பிறகு தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அதைக் கேட்டு வந்து நின்றார்கள்.

போன வருஷம் தை மாதம் அந்தக் குதிரை முன்கால்களைக் குட்டையாக எடுத்து வைத்து, தடுக்கித் தடுக்கி நடந்தது. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். லாடம் மாற்றாமல் நாள் கடத்தியதில் குளம்பு வளர்ந்து குதிகால் பக்கம் நெருக்குகிறது என்றார்.

"லாடத்தக் கழட்டிடுங்க. குளம்பு பழகுற வரைக்கும் கெட்டித் தரையில நடத்தாதீங்க."

கழற்றிய மறுநாளே நடை லேசானதுபோல் தெரிந்தது. எனக்குத் தெரியாத குதிரையா என்று சூளை வாசல் வழியாக ரோட்டுக்கு நடத்திப் போனேன். வாசல் முழுக்கப் பீங்கான் உடைசல். பத்தடி போவதற்குள் வெறுங்குளம்பை ஊன்ற முடியாமல் நின்று நடுங்கியது. அந்தத் தப்பு என்னுடையது.

என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே மாமா, உங்களுக்கு யாரு சொன்னாலும் ஏறாதா? இனிமே இது தேறாது. திட்டக்குடிக்காரரு வெலைக்குக் கேக்குறாரு, தள்ளி வுட்டுடலாம்."

"உங்க வேலையப் பாருங்க மாப்ள. இது என் வூட்ட வுட்டு எங்கயும் போவாது."

மண் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. வெறும் களிமண் வழுக்கும், வெறும் மணல் காலை இழுக்கும். சலித்த களிமண்ணில் மணல் கலந்து, கொட்டகையைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினேன். தினமும் நானே கிளறிவிட்டேன். நின்ற குதிரை நடந்தது. கெட்டித் தரைக்குக் குளம்பு பழகட்டும் என்று, மாதம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரளை சேர்த்தேன். டாக்டர் வந்து குளம்பைச் சீவிக் கொடுத்தார், அதை மறுக்கவில்லை. ஆவணி முகூர்த்தத்தில் லாடமே இல்லாமல் கால்களை நீட்டி வைத்து ஊர்வலம் போனது.

அங்கே மாப்பிள்ளை என் காதுபடவே சொல்கிறார்: "டாக்டரு கை வெச்சாரு, குதிரை எழுந்துச்சு. எங்க மாமாதான் நடுவுல கெடுத்தாரு." இன்றைக்கும் அதைத்தான் சொல்லித் திரிகிறார்.

கழற்றிய காலுக்குக் கீழே என்ன தரை இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று, அந்த உடைசலில் அது நடுங்கி நின்றபோது கற்றுக்கொண்டேன். தரை போட்டவன் நான். கெட்டதற்கு என் பேரைச் சொல்கிறவர்கள், தேறியதற்கும் என் பேரைச் சொல்லியாக வேண்டும்.