கெணத்துக் கொரலும் என் மீசையும்

நான் படிச்சது நாலாங்கிளாஸ். அதையும் ரெண்டு தடவை படிச்சேன். ஆனா இங்கிலீசு ராக் பாட்டு பாடுற ஆம்பளைகளைப் பத்தித் தெரிஞ்சுக்கிடணும்னா, அப்ப ராஜபாளையத்துல எல்லாரும் எங்கிட்டதான் வரணும்.

கலியாண வீட்டுல குழாய் ஸ்பீக்கர் கட்டுற வேலையில ஆரம்பிச்சு, பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க சொந்தமா கேசட் ரிக்கார்டிங் கடை போட்டவன் நான். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன்க ராக் கேசட்டுகளைக் கொண்டாந்து காப்பி எடுக்கச் சொல்லுவானுக. மெட்டு உள்ள ராக்குதான் எனக்கு ஒத்துவரும். தகரத்தை உருட்டுற மாதிரி இருந்தா டெக்கை ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவேன்.

அட்டையில உள்ள இங்கிலீசு எனக்கு வாசிக்க வராது. அதனால பாடகர்களுக்கு நானே பேர் வச்சேன். மூணாவது இடம் அழுமூஞ்சியாருக்கு. பொண்டாட்டி கோவிச்சிட்டுத் தாய் வீட்டுக்குப் போன அன்னிக்கே பாட வந்தவர் மாதிரி இருக்கும். ரெண்டாவது உச்சியார், மேல ஏறினா இறங்குறதுக்கு ஏணி வைக்கணும். முதல் இடம் கெணத்தாருக்கு. ஆழக் கெணத்துக்குள்ள நின்னு பாடுற கொரல், அவசரமே கிடையாது. ஒவ்வொரு வரியையும் நல்லெண்ணெய் மாதிரி ஊத்துவார்.

"உச்சியார் இவருகிட்ட ஆறு மாசம் பாடம் கேக்கணும்லே" என்று கடைக்கு வர்ற பயலுக எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ரெண்டு வருசமா சொன்னேன்.

எங்க அக்கா மகளுக்கு எங்க ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர்ல கலியாணம் வச்சிருந்தாக. நாந்தான் தாய்மாமன். அதுக்கு நாலு நாளைக்கு முந்தி, பட்டாளத்துல இருந்து லீவுல வந்த என் மச்சினனும் என் வீட்டுக்காரியும் சீர்ச் சாமான் வாங்க ராஜபாளையம் வந்தவுக, கடைக்கு வந்து உக்காந்தாக. மச்சினன் கேசட் அட்டை ரெண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"அத்தான், உங்க கெணத்தாரும் உச்சியாரும் ஒரே ஆளு. ரெண்டுலயும் ஒரே பேருதான் போட்டிருக்கு."

"ஒரே பேருன்னா ஒரே ஆளாயிருமா மாப்ள? எங்க தெரு மடவார் வளாகத்துல மட்டும் எம் பேருல ஏழு பேரு இருக்கான்."

"மூஞ்சியும் ஒண்ணா இருக்கே?"

"வெள்ளக்காரனுக எல்லாருக்கும் ஒரே சாடைதான். எங் காதுக்கு மேலயா உன் கண்ணு? ஒரே ஆளா இருந்தா இந்த மீசையை எடுத்துருதேன்."

என் மீசை அப்ப ஒரு பக்கத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் தாங்கும். வீட்டுக்காரி பதறிட்டா. "ஏங்க, வியாழக்கிழமை கலியாணம்! தாய்மாமன் வழுக்க மூஞ்சியோடயா மாலை போடப் போறீங்க? வேற எதையாவது பந்தயம் வைங்களேன்."

"சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

மச்சினன் பையில இருந்து ஒரு வாக்மேனை எடுத்தான். ஒரு பையன் விட்டுட்டுப் போயிருந்த கெணத்தாரோட ஒரிஜினல் கேசட்டைப் போட்டு, என் காதுல மாட்டினான். கெணத்தார் பாட்டுதான். பாடினது உச்சியார். மெசின் கோளாறுன்னு சொல்லிப் பாத்தேன். உச்சியார் கேசட்டையும் அதுலயே போட்டான். அதே கொரல்.

பொறவு அவன், காப்பி எடுக்கும்போது ஒரிஜினலை ஓட்டுற என் பெரிய டெக்கைக் கழட்டினான். ரெண்டு வருசத்துக்கு முந்தி அதுல டேப்பைச் சுத்துற ரப்பர் பெல்ட் அறுந்தப்ப, மெக்கானிக்கைத் தேடிப் போற ஆளா நான்? சைக்கிள் டியூப்ல ஒரு வளையம் வெட்டி நானே மாட்டியிருந்தேன். அது வழுக்கி வழுக்கி, டேப்பு மெல்ல ஓடியிருக்கு. டேப்பு மெல்ல ஓடினா கொரல் கனத்துப் போகும். உச்சியாரைச் சின்ன டெக்குல ஓட்டிக் காப்பி எடுத்ததால அவரு தப்பிச்சாரு.

"கெணத்தைத் தோண்டினதே நீங்கதான் அத்தான்" என்றான்.

ஒரு சந்தேகத்துக்கு அழுமூஞ்சியாரையும் வாக்மேன்ல போட்டோம். மனுசன் குதிச்சிக் குதிச்சிப் பாடுதாரு. "இவரைக் கேட்டு நான் எத்தனை தடவை அழுதிருக்கேன்!" என்று வீட்டுக்காரி என்னை முறைச்சா.

மீசை போயிருச்சு. வாக்கு தவறினவன்னு ஒருத்தன் என்னைச் சொல்ல முடியாது. புது பெல்ட்டும் மாட்டினேன். மறுநாளே பையன்க வந்துட்டானுக. "அண்ணாச்சி, இவன் ஏன் இந்தக் கத்து கத்துதான்? பழைய ஆளையே போட்டுத் தாங்க." டியூப் வளையத்தைத் திரும்ப மாட்டினேன். ஒரு வெள்ளக்காரனுக்கு ரெண்டாவது தொண்டை குடுத்தவன் நான். அது அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை மண்டபத்துல மாலையோட மேடை ஏறினேன். மாப்பிள்ளையோட பெரியப்பா கையை நீட்டி மறிச்சாரு.

"தம்பி, மாலையை அங்க வச்சிட்டு இறங்கு. தாய்மாமன் வந்து எடுத்துக்கிடுவாரு."

"நாந்தான் தாய்மாமன்."

அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. முறுக்கு மீசையோட பின்னால நின்ன என் மச்சினனைப் பாத்தாரு. "அப்ப அவிய யாரு?"

"எம் பொண்டாட்டிக்குத் தம்பி. என்னைவிடப் பத்து வயசு இளையவன்."

மச்சினன் மூஞ்சி சுண்டிப்போச்சு. அந்தக் கலியாணத்துல, மீசையைக் குடுத்து வயசு கொறைஞ்ச ஒரே ஆளு நாந்தான்.