மை படாமல் அடித்த கவிதை

மனு அடிக்க வந்தவர்கள் நகர்ந்ததும் லோகநாயகியின் விரல் டைப்ரைட்டரின் ஓரத்திலிருக்கும் சின்ன லீவரைத் தள்ளுகிறது. தள்ளிவிட்டால் மை ரிப்பன் எழும்பாது, எழுத்து தாளில் வெறும் பள்ளமாகத்தான் விழும். மேலே வெள்ளைத் தாள், நடுவே கார்பன், அடியில் இன்னொரு தாள். எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அடித்தாளில் மட்டும் கவிதை நீலமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

பூந்தமல்லியில், ஓர் அரசு அலுவலகத்து வாசலில், தார்ப்பாய் நிழலில் இவளுடைய மேசை. நாற்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை. விரல் நுனியில் எப்போதும் கார்பன் கறை. அதே கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வதால் அங்கேயும் கறை. எதிரே கம்ப்யூட்டர் சென்டர் திறந்தாயிற்றே, அங்கே போய் அடிக்கக் கூடாதா என்று, பக்கத்து மேசையில் மனு எழுதிக்கொடுக்கும் நான் ஒருமுறை கேட்டேன்.

"அய்ய, அதுல எழுத்து பளிச்னு முன்னாடி வந்து நிக்குது சார். போறவன் வர்றவன்லாம் படிப்பான். இன்னாத்துக்கு அந்த வம்பு?"

இவ்வளவு உஷாராக இருந்தும் போன மாதம் மாட்டிக்கொண்டாள். காட்டுப்பாக்கத்து எல்லம்மாவின் முதியோர் உதவித்தொகை மனுவுக்குப் பிரதிகள் சேர்க்கும்போது, கவிதை இறங்கிய தாளும் உள்ளே போய்க் குண்டூசியில் மாட்டிக்கொண்டது. எல்லம்மா மனுவை நீட்டியபோது அது குமாஸ்தா பரந்தாமன் கையில் கிடைத்தது. கவிதை வாசிக்க அந்த மனிதருக்கு இத்தனை நல்ல குரல் உண்டென்று யார் கண்டது! தாழ்வாரத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஏற்ற இறக்கத்தோடு படித்தார்:

கதவைத் திறந்துவைத்தே
தூங்கப் பழகிவிட்டேன்.
திருடனாவது வரட்டும்.

"இன்னாம்மா, யாரு ஊட்டுக் கதவு இது? அட்ரஸ் குடு!" என்றார். தாழ்வாரமே சிரித்தது.

"எனுக்கின்னா சார் தெரியும்? எவனோ பார்ட்டி குடுத்துட்டுப் போனான், அடிச்சேன்" என்றாள் லோகநாயகி. குரல் நடுங்கவேயில்லை. காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து அவள் கவிதை அடிக்கவில்லை. நான் விசாரித்தபோது சட்டென்று கண் கலங்கிவிட்டது. "சிரிச்சானுங்கோ, அது கெடக்குது சார். நான் பெத்தத எவனோ பெத்ததுன்னு சொல்ட்டேன் பாருங்கோ. நாண்டுகினு சாவலாம் போல கீது."

நேற்று எல்லம்மா வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மனு விஷயமாக்கும் என்று நினைத்தேன்.

"கண்ணு, அன்னிக்கு அந்தாளு படிச்சானே கதவு பாட்டு, அது எனுக்கு ஒண்ணு அடிச்சிக் குடு. எம்புள்ள பம்பாய்க்குப் போனதுலேர்ந்து நானும் கதவ சாத்தறதில்ல. எனுக்குனே எழுதினாப்ல கீது. யாரு கண்ணு எழுதுனது?"

லோகநாயகி ஒற்றைத் தாளைச் செருகினாள். லீவரைத் தள்ளாமல், ரிப்பனோடு, கறுப்பு மையில், மூன்று வரியையும் அடித்தாள். பிறகு அடியில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடுபவள்போல மெதுவாகத் தன் பெயரையும் அடித்தாள்.

தாளை உருவி நீட்டினாள். எல்லம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனுவில் கைநாட்டு வாங்கியவளே லோகநாயகிதான். இருந்தும், கிழவி தாளைப் பிடித்து இழுக்கும்வரை, அந்தப் பெயரின்மேல் அழுத்தி வைத்திருந்த கட்டைவிரலை அவள் எடுக்கவில்லை.