வாசகர்களை ஈர்ப்பது எப்படி: ஒருநாள் பயிலரங்கு

இருபது வருடமாகக் கல்லூரி நூலகர்களுக்கான பயிலரங்குகளுக்குப் போய்வந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இரண்டு விஷயங்கள்தான். குரூப் போட்டோவைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிரியாணி உள்ளே போனபிறகு பாதிப் பேரைத் தேடிப் பிடிக்க முடியாது. சான்றிதழை மட்டும் சாயங்காலக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். முன்னாலேயே கொடுத்தால் மிச்சப் பாதியும் பஸ் ஏறிவிடும்.

பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும், அதனால் போகிறோம். இந்த மாதம் வில்லியனூர் பக்கம் ஒரு கல்லூரி, அடுத்த மாதம் மதகடிப்பட்டு தாண்டி ஒன்று. எங்கே போனாலும் அதே முப்பது முகங்கள். யாருக்கு முழங்கால் வலி, யார் மகளுக்கு வரன் தட்டிப்போயிற்று என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. யாருடைய நூலகத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கருத்துப் படிவத்தைக் காலை டீயிலேயே நிரப்பிவிடுவோம். 'மிக நன்று' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு, வேலை முடிந்தது. பேசுகிறவர் அதற்குப் பிறகுதான் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்.

இப்படி ஊர் சுற்றிக்கொண்டிருந்த நான் சொந்தமாக ஒரு பயிலரங்கு நடத்தியதற்குக் காரணம் எங்கள் தாளாளர். பாகூர் போகும் வழியில், வயலுக்கு நடுவே இருக்கிற தனியார் கல்லூரி எங்களுடையது. தாளாளர் அறையை விட்டால் ஏசி இருக்கும் இடம் என் நூலகத்தின் வாசிப்புக்கூடம்தான். ஒருநாள் வந்து நின்று அண்ணாந்து ஏசியைப் பார்த்தார்.

"யாருக்கு மேடம் ஓடுது இது?"

ஐந்து பேர் இருந்தார்கள். பொய் சொல்வானேன், அதில் நாலு பேர் செய்தித்தாள்மேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சும்மாதானே கெடக்குது. ஃபங்ஷன் ஹாலா மாத்திடலாம்னு பாக்குறேன். புக்க எல்லாம் ஓரமா அடுக்கிக்கங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. தூங்கியவர்களுக்காக இல்லை, விழித்திருந்த அந்த ஐந்தாவது ஆளுக்காக. மணப்பட்டுப் பெண், மூன்றாம் ஆண்டு மாணவி. அப்பா கடலுக்குப் போகிறார், அம்மா மீன் விற்கிறார். அரசாங்க கிளார்க் வேலைக்கான பரீட்சைக்கு இந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். வீட்டில் படிக்க முடியாதா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"எங்க வூட்ல டிவிய நிறுத்துனா கரண்ட் போயிடுச்சின்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் வெளிய வந்து பாப்பாங்க மேடம்" என்றாள்.

கூடத்தைக் காப்பாற்ற எனக்கு ஒரு யோசனை வந்தது. இருபது வருடம் பயிலரங்கு பயிலரங்காகப் போனவளுக்கு வேறு என்ன யோசனை வரும்? இங்கேயே ஒரு பயிலரங்கு வைத்துவிடலாம். கூடம் நிறைந்திருப்பதைத் தாளாளர் கண்ணால் பார்க்கட்டும், வாயடைத்துப் போகட்டும். தலைப்பு, 'வாசகர்களை நூலகத்துக்கு ஈர்ப்பது எப்படி?' கேட்டதும் தாளாளர் சரி என்றார். ஃபிளெக்ஸில் தலைப்பைவிடப் பெரிதாக அவர் படம் வந்தது.

பயிலரங்கு நாளன்று காலை அந்த ஃபிளெக்ஸுக்கு நேர் கீழே, கதவில், என் கையாலேயே எழுதி ஒரு தாளை ஒட்டினேன்: 'நூலகம் இன்று வாசகர்களுக்கு மூடப்பட்டிருக்கும்.' இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தாள். "மேடம், ஞாயித்துக்கெழம பரீட்ச" என்றாள்.

"இன்னிக்கி ஒருநாள்தானேம்மா, எங்கனா மரத்தடியில ஒக்காந்து படி" என்றேன்.

ஃபிளெக்ஸைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள். சாம்பார் வண்டி வந்ததா என்று விசாரிக்க நான் ஓடினேன்.

சிறப்புப் பேச்சாளர் பெரிய ஊரிலிருந்து வந்திருந்தார். திரையில் படத்துக்குமேல் படமாகத் தள்ளிக்கொண்டே போனவர் நடுவில் நிறுத்தி, "உங்கள் நூலகத்துக்கு வாசகர்கள் ஏன் வருவதில்லை?" என்று கேட்டார். வில்லியனூர்ப் பக்கத்துக் கல்லூரி நூலகர், என் பல வருடக் கூட்டாளி, பக்கத்து நாற்காலியிலிருந்து முணுமுணுத்தாள்: "நாமதான் ஊரூரா சுத்திக்கினு கெடக்குறோமே. தொறந்து வெச்சாத்தானேடி வருவாங்க."

அந்த வரிசையே குலுங்கியது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நான்தான். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினால், சைக்கிள் ஸ்டாண்டு படியில் மடியில் புத்தகத்தோடு அந்தப் பெண். வெயில் நகர நகர அவளும் நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து போய் உள்ளே கூப்பிட்டிருக்கலாம். எந்த நாற்காலியில் உட்காரவைப்பது? எல்லாவற்றிலும் நூலகர்கள்.

சாயங்காலம் நிறைவு விழாவுக்குத் தாளாளர் வந்தார். நிறைந்த கூடம், ஜில்லென்ற காற்று, தோளில் நாங்கள் போர்த்திய சால்வை. மனிதர் பூரித்துவிட்டார். மைக்கைப் பிடித்தார்.

"இவ்ளோ அருமையான ஹால இத்தன நாளா வேஸ்ட் பண்ணிட்டோம். இனிமே நம்ம காலேஜ் ஃபங்ஷன் எல்லாமே இங்கதான்!"

கைதட்டல். முப்பது நூலகர்கள், ஒரு வாசிப்புக்கூடம் போனதற்குக் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மைக்கில் பேச்சு நின்றால் தட்டுவது எங்கள் பழக்கம். கீழே பார்த்தால் என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

எல்லோரும் போனபிறகு, வாசல் மேசையிலிருந்த கருத்துப் படிவங்களை அடுக்கினேன். மிக நன்று, மிக நன்று, மிக நன்று. ஒன்றில் மட்டும் கோடு இல்லை. பெயர் என்ற இடம் காலி. பதவி என்ற இடத்தில் 'வாசகர்' என்று இருந்தது. ஆலோசனை என்ற இடத்தில், 'காலையிலிருந்து வெளியே இருந்தேன். நாளைக்காவது திறப்பீர்களா?'

மறுநாள் அதைத் தாளாளர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "இது யாரு, எந்தக் காலேஜ்?" என்றார்.

"நம்ம காலேஜ்தான் சார். அந்த ஹால்ல தெனம் ஒக்காந்து படிக்கிற பொண்ணு."

"ஒரே ஒரு ஆள்தானே மேடம்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே கூடத்துக்குள் மேடை போட ஆள் வந்துவிட்டது. போடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, என் அறையிலிருந்த பீரோவையும் சோபாவையும் வெளியே தள்ளி, கூடத்து மேசைகளில் இரண்டை உள்ளே இழுத்துப் போட்டேன். என் நாற்காலி இப்போது வாசல் கவுன்ட்டரில் இருக்கிறது. உள்ளே ஏசி கிடையாது, கத்துகிற ஃபேன்தான். அவள் அங்கே உட்கார்ந்து படித்துத்தான் ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்குப் போனாள். முடிவு இன்னும் வரவில்லை. இப்போது அடுத்த பரீட்சைக்குப் படிக்கிறாள், கூட இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு.

போன வாரம் ஒரு பயிலரங்குக்கு அழைப்பு வந்தது. பதவி உயர்வுக்கு எனக்கு இன்னும் ஒரு சான்றிதழ் குறைகிறது. மதியச் சாப்பாட்டில் வஞ்சிர மீன் வறுவல் உண்டு என்று கூட்டாளி போனில் ஆசை காட்டினாள். நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்தது. பதில் எழுதினேன்: 'வர இயலாது. அன்று நூலகம் திறந்திருக்கும்.'