உப்பளத்தில் ஒரு மெசபடோமியா

பகல் பதினொன்றே கால். அப்போதுதான் என் மகன் உப்பு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, உப்பளத்தில் ஓடிப் பழக வாசலைத் தாண்டினான்.

என் கணவரின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் காலாட்படையில் சிப்பாய். முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குக் கப்பலேறியவர் திரும்பவில்லை. குண்டு படவில்லை, வெயிலில் விழுந்தார் என்றுதான் வீட்டுக்குச் சேதி வந்ததாம். ராணுவத்தில் சேர ஆசைப்பட்ட மகன் அந்தப் படைப்பிரிவின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. கம்பெனி ஆட்சியில் ஆள் எடுத்தது, பர்மாவுக்கு அனுப்பியது, பாலைவனத்தில் முழுச் சுமையோடு நடந்தது. தண்ணீர் குறைந்தபோது பீரங்கி சுமந்த கழுதைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்களாம். மிச்சம் சிப்பாய்களுக்கு.

"மனுசன சாகவிட்டுட்டு கழுதைக்குத் தண்ணியா? இதுல என்னடா பெருமை?"

"பீரங்கிய நீ தூக்கிட்டு வருவியாம்மா?"

அன்று வாசலில் மறித்தேன். "காலைல போய் ஓடேன்டா."

"வெயில் சாயட்டும்னு அவங்க உக்காந்திருந்தாங்களா?"

தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தேன். திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

உப்பளத்து ஆட்கள் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார்கள். உச்சி வேளையில் அங்கே விழுந்தால் பார்க்க ஆளில்லை. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

ஒரு மணிக்குப் போன் செய்தேன். உள்ளறையில் மணியடித்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளைப் பாத்திகள் கண்ணைக் குத்தின. எந்த வரப்பில் போனான் என்று தெரியவில்லை. பேர் சொல்லிக் கத்தினேன். கொள்ளுத்தாத்தா விழுந்த இடமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இப்போது அவன் பக்கத்து அறையில் குப்புறப்படுத்துத் தூங்குகிறான். வியர்வையில் கரைந்த உப்பு முதுகுத் தோலை உரித்துவிட்டது. மூச்சு வருகிறதா என்று இதை எழுதும்போதே நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டேன்.

அன்று கடைசியில் வந்தது ஓர் உப்பளத் தொழிலாளி. உப்புத்தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்த மறந்துபோய், அதற்காகத் திரும்பி வந்தவர். தூரத்து வரப்பிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"அக்கா, உசுரு இருக்குது. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், சீக்கிரம் வாங்க. வாய்ல தண்ணி ஊத்துனா தள்ளித் தள்ளி விடுறான்க்கா. மொதல்ல கழுதைங்களுக்குக் குடுங்கன்றான். நம்ம அளத்துல ஏதுக்கா கழுத?"