குழாய்க்குக் கீழே ஒரு பெயின்ட் டப்பா

மஞ்சள் பெயின்ட் காய்ந்து ஒட்டிய பழைய டப்பா. கம்பி கட்டி அதைக் குழாயின் மூட்டுக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். சின்னம்மாவை நினைத்தால் எனக்கு அவள் முகம் முதலில் வருவதில்லை, அந்த டப்பாதான் வருகிறது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

என் அம்மாவின் தங்கை அவள், எங்கள் மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்காரி. மரவள்ளிக் கிழங்கு சீசன் வந்தால் அடிவாரத்து ஜவ்வரிசி மில்லுக்கு வறுவல் வேலைக்கு இறங்கிவிடுவாள். நான் மலைமேல் சோளக்காடு என்ற ஊரிலிருந்து அதே மில்லுக்கு லாரியில் கிழங்கு லோடு அடித்தேன். வறுக்கிற கொட்டகையில் அடுப்பு கிடையாது. வெளியே ஹீட்டரில் எண்ணெயைக் கொதிக்கவைத்து, குழாயில் சுற்றவிட்டு, அந்தச் சூட்டில் ஜவ்வரிசியை வறுப்பார்கள். அந்த எண்ணெய் மூட்டில் கசிந்தது. சொட்டியதை டப்பாவில் பிடித்துத் திரும்பவும் ஹீட்டரிலேயே ஊற்றினார்கள், என்னவோ சாமர்த்தியம்போல.

“ஏனுங்க, இத நிறுத்தி ஒருக்கா பாக்கக் கூடாதுங்களா?” என்று சின்னம்மா என் முன்னாலேயே மேனேஜரிடம் கேட்டாள்.

“சீசன் முடியட்டும்மா. இப்ப நிறுத்துனா அரைச்ச மாவெல்லாம் புளிச்சுப் போயிரும்” என்றார் அவர்.

மாவு புளித்தால் நிறம் போகும், விலை போகும். ஆள் போனால்? அதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. யாரோ பெரிய வியாபாரி பார்வையிட வருகிறார் என்று டப்பாவைக் கழற்றிவிட்டு, மூட்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டினார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. வியாபாரி போன பிறகும் யாரும் அதை அவிழ்க்கவில்லை. சாக்கு எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சாக்குதான் பற்றியது. அடுத்த லோடோடு நான் போனபோது கொட்டகைத் தகரம் சுருண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுகளுக்குள்ளிருந்து சின்னம்மா பேசினாள். “கண்ணு, சாக்குலதான் தீப்புடிச்சுது, நான் பாத்தேன். எஞ்சேலையில புடிச்சுதுன்னு சொல்றாங்களாமா?”

ஆமாம், அப்படித்தான் சொன்னார்கள். முந்தானை அடுப்பில் பட்டுவிட்டதாம். அடுப்பே இல்லாத கொட்டகையில்! அவள் அதன்பின் மலையேறவில்லை. செத்தவள் வந்து மறுத்துப் பேசவா போகிறாள் என்ற தைரியம்.

இந்த சீசனில் எங்கள் காட்டுக் கிழங்கோடு அங்கே போனேன். மில் அதே மில், மேனேஜரும் அவரேதான். கூரை மட்டும் புதிது. பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட வேண்டும் என்று வாசலில் போர்டு. உள்ளே எங்கள் மலையின் பைல் நாட்டுப் பெண் ஒருத்தி, அந்த வெக்கையில் கழுத்துவரை பட்டன் போட்டு, ஜவ்வரிசி முத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், குழாய்க்குக் கீழே, டப்பா. இந்த முறை பச்சை.

“கசியுதா கண்ணு?”

“ஆமாங்கண்ணா. சீசன் முடிஞ்சு பாக்கறோம்னாங்க.”

வெளியே வந்து லோடு இறக்குவதை நிறுத்தச் சொன்னேன். கிழங்கு லாரியிலேயே கிடந்தால் கெட்டுவிடும், தெரியும். மேனேஜர் ஓடிவந்தார். உள்ளே தொங்கும் டப்பாவைக் கைகாட்டினேன்.

“ஒரு டப்பாவுக்கா இத்தன கோவம்?”

“ஆமாங்க, டப்பாவுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினேன்.