கூச்சம் என்று நினைத்தேன்

ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் சாவி கொடுப்பது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேச வராது.

கடத்தப்படும் பிள்ளைகளை மீட்பது பற்றி போலீஸ், டாக்டர், டீச்சர்களுக்குப் பாளையங்கோட்டையில் பயிற்சி நடந்தது. லாட்ஜ்களில் வேலை பார்க்கும் எங்களையும் அழைத்திருந்தார்கள். ஒத்திகையில் மீட்கப்பட்ட பிள்ளையாக என்னை உட்கார வைத்தார்கள்.

"யாரு கூட்டிட்டு வந்தா?" என்றார் போலீஸ்காரர். அதையே டாக்டரும் கேட்டார், டீச்சரும் கேட்டார். ஆற்றுக்குள் முங்கிக் கிடப்பதுபோல எல்லாக் குரலும் எங்கோ தூரத்தில் கேட்டது. எனக்கு வாய் திறக்கவில்லை.

"அண்ணாச்சி நல்லா நடிக்காரு வே!" என்று யாரோ சிரித்தார்கள்.

ஒரு நர்சம்மா மட்டும் தண்ணீர் தந்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அமைதியில், காலையில் பார்த்த ஒரு முகம் மெல்ல மிதந்து வந்தது. மாமா என்று சொல்லிக்கொண்ட ஆளோடு அறை கேட்டு வந்த சிறுமி. அவன் முன்னாலேயே, "இவரு யாரும்மா?" என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். என்னைப்போல் கூச்சம் என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

நர்சம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு, "அம்மா, அந்தப் பிள்ளை இப்பவும் எங்க லாட்ஜிலதான் இருக்கு" என்றேன்.

நர்சம்மாவும் நானும் ஏறிய போலீஸ் வண்டி பாலத்தைக் கடக்கையில் ஆறு அசையாமல் கிடப்பதுபோல் இருந்தது. நாங்கள் போனபோது இருவரும் ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைப் போலீஸ் பிடித்தது. பிள்ளையிடம் நர்சம்மா மட்டுமே பேசினார்.

இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை தரையைப் பார்த்தாலும், கூச்சம் என்று நானாக முடிவுகட்டுவதில்லை. சாவியை எடுக்குமுன் நர்சம்மாவுக்குப் போன் செய்கிறேன்.